கணினிக்குள் சாகிற ஆளும் கொழுந்து லொறியும்

ரத்தம் போகிற ஒரு ஆளை ஒரு நாளைக்கு நாலைந்து முறை சாகவிட்டு, மறுபடி எழுப்பி, மறுபடி சாகவிடுவதுதான் இப்போது என் தொழில். ஆள் கணினிக்குள் இருப்பதால் பொலிஸ் இன்னும் வரவில்லை. மற்றபடி, நான் செய்த எந்த வேலைக்கும் பொலிஸ் வராமல் இருந்ததில்லை.

தோட்டம் தோட்டமாக ஏறி, கூட்டம் சேர்த்து, கொட்டாவி விடுகிறவர்களுக்கு முன்னால் கத்தித் தொண்டை கெட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே வரிசை வீட்டு லயத்துக்காரர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தது. அந்தத் தாள்களில் இருந்ததையெல்லாம் தோட்டத்தை நடத்துகிற துரைமாரிடம் கேட்டேன். சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிடைக்காததில் ஒன்றை மட்டும் நான் விடவே இல்லை.

லுணுகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி தொழிற்சாலைக்குப் போகும் வழியில் யாருக்காகவும் நிற்கக் கூடாது. நிறுத்தினால் டிரைவருக்கு வேலை இல்லை. நான் இளைஞனாக இருந்த காலத்தில், கல் உருண்டு கால் நசுங்கிய என் மச்சானைப் பாதையோரம் கிடத்திக்கொண்டு நாங்கள் கை காட்டினோம். லொறி வேகம் குறைந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தான். போய்விட்டான். துரையின் உத்தரவோடு வேறு வண்டி வந்து சேர்ந்தபோது மச்சானுக்கு வண்டி தேவைப்படவில்லை. 'ரத்தம் போகிற ஆளைக் கண்டால் லொறி நிற்க வேண்டும்.' இந்த ஒரு வரியைத்தான் அன்றிலிருந்து கேட்கிறேன். மறியல் செய்தேன், மனுக் கொடுத்தேன், வேலையை இழந்தேன். துரைமார் மாறினார்கள், சட்டம் மாறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பண்டாரவளையிலிருந்து டாக்டரம்மா என்னைத் தேடி வந்தார். நம் தோட்டத்துப் பிள்ளைதான், படித்து டாக்டரானவர். அவருடைய கணினியில் ஒரு மனித உருவம் இருந்தது. பக்கத்தில் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், உடம்பில் மிஞ்சியிருக்கும் ரத்தம். காயத்தைத் திறந்துவிட்டால் எண்கள் ஓடத் தொடங்கும். காயத்தை அமுக்க, போர்த்திவிட, சேலைன் ஏற்ற, ரத்தம் ஏற்ற, வண்டியில் அனுப்ப என்று பட்டன்கள். எதை, எப்போது, எவ்வளவு என்று நாம் முடிவு செய்ய வேண்டும். முடிவு பிழைத்தால் ஆள் பிழைக்க மாட்டார். இதைக் காட்டித் தோட்டங்களில் முதலுதவி வகுப்பு நடத்த என்னைக் கூப்பிட்டார். "நான் பேசினா நம்ம ஆளுங்க தூங்கிருவாங்க. நீங்க பேசினா சண்டைக்காவது வருவாங்க" என்றார் டாக்டரம்மா. அவருக்கு அது பாடம். எனக்கு அது சாட்சி. அன்றைக்கே பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

தேத்தண்ணி பட்டன்

முதல் வகுப்பை எங்கள் தோட்டத்திலேயே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்தோம். சுவரில் படம் விழுந்தது. காயம் திறந்தது. நாடி ஓடத் தொடங்கியது. ஆளின் நிறம் வெளுத்தது. 'தாகம் எடுக்கிறது' என்று திரையில் எழுத்து வந்ததுதான் தாமதம், மடுவமே எழுந்து நின்றது. "ஐயோ பாவம், சீனி போட்டு ஒரு பிளேன்டீ குடுங்க!" என்று நாலு பக்கமும் குரல். கவ்வாத்துக்காரர் முருகையா, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்கிறவர், முன்னால் வந்து பட்டன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேத்தண்ணிக்குப் பட்டன் இல்லை.

ரத்தம் போகிறவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து வெட்டித் தைக்க வேண்டி வரலாம், வயிற்றில் இருப்பது அப்போது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். முருகையா மட்டும் தலையாட்டவில்லை. சுவரில் செத்துக்கிடந்த உருவத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுச் சொன்னார்: "சாகப்போறவனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி ஊத்தத் தெரியாத மிஷினெல்லாம் எங்க இருந்துதான் வருதோ!"

துரைக்குச் சாவு வராது

அடுத்த வாரம் ஒரு சிக்கல். சுவரில் இருக்கிற ஆளுக்குப் பெயர் இல்லாமல் வகுப்பு நகரவில்லை. 'நோயாளி' என்றால் யாருக்கும் ஒட்டவில்லை. பெயர் வைக்கலாம் என்றால், உயிரோடு இருக்கிறவர் பெயரைச் சாகப்போகிற உருவத்துக்கு வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. செத்தவர் பெயரை வைத்தால் இரண்டாம் முறையும் சாகடிப்பதா என்று ஒரு சண்டை. கடைசியில் கொழுந்து பறிக்கிற சரோஜா பின்னாலிருந்து கத்தினாள்: "தொரை பேர வைங்க தலைவரே, ஒருத்தரும் அழ மாட்டோம்!"

வைத்தோம். துரையின் எடை எவ்வளவு இருக்கும் என்று ஒரு பெரிய விவாதம் நடந்து, தாராளமாகவே ஒரு எண்ணைப் போட்டோம். காயத்தைத் திறந்தோம். ரத்தம் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. துரை அசையவில்லை. நாடி கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். "பாருங்க, கம்பியூட்டர்ல கூட இந்த மனுசன் சாக மாட்டேங்கிறாரு" என்று யாரோ சொல்ல, மடுவம் சிரித்து உருண்டது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எடையை மாற்றி ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் எடையைப் போட்டார். ரத்தத்தில் சத்துக் குறைவு என்றும் போட்டார். நம் பெண்களில் பலருக்கு அப்படித்தானே. அதே காயம், அதே வேகம். ஆனால் எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் எண்கள் சரிந்துவிட்டன. உடம்பு சின்னதென்றால் அதற்குள் இருக்கிற ரத்தமும் கொஞ்சம், போவதற்கு நேரம் எடுக்காது என்றார். சரோஜா கொழுந்துக் கூடையின் கயிற்றை விரலில் சுற்றியபடி சொன்னாள்: "அதான் தலைவரே, நம்ம அவசரம் அவங்களுக்கு அவசரமாவே தெரியறதில்ல."

ஐயாவின் படம்

பண்டாரவளையில் ஒரு பெரிய சங்கத்தின் அமைப்பாளர் வந்து எங்கள் வகுப்பைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு தொலைபேசி. நான் துண்டுப் பிரசுரம் சுமந்த காலத்தில் அவர் பிறந்திருக்க மாட்டார். கடைசி வரை இருந்து பார்த்தார், அதற்காகவே அவரை மதித்தேன். இதைத் தங்கள் சங்கத்தின் பெயரில் எல்லாத் தோட்டத்துக்கும் கொண்டுபோகலாம், திரையின் மேல் மூலையில் தங்கள் தலைவரின் படம் மட்டும் இருந்தால் போதும் என்றார். ஆள் சாகும்போது பக்கத்தில் உங்கள் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பாரே, பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு டாக்டரம்மாவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மிஸ், செத்தா வேணாம், பொழைச்சா மட்டும் ஐயா படம் வர்ற மாதிரி செய்ய ஏலுமா?"

தண்ணீரால் ஒரு கொலை

எங்கள் தோட்டத்து இளந்தாரிகளுக்கு இது கிரிக்கெட் ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. யார் ஆளை அதிக நேரம் பிழைக்கவைக்கிறார்கள் என்று போட்டி. ஒருவன் சேலைன் பட்டனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அழுத்தம் ஏறியது. கைதட்டல். இன்னும் ஏற்றினான், இன்னும் ஏறியது. விசில். பிறகு நின்றிருந்த ரத்தம் மறுபடி கொட்டத் தொடங்கியது. அழுத்தம் ஏற ஏறக் காயம் மேலும் கக்கியது. ரத்தம் உறைகிற சக்தியும் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. ஆள் போய்விட்டார். ரத்தக்குழாய் நிறையத் தண்ணீர் இருந்தும் செத்துப்போனார்.

விளக்கம் சொல்லும் முறை என்னுடையது. விருந்தாளி கூடிவிட்டார்கள் என்று இருக்கிற தேத்தண்ணியிலேயே சுடுதண்ணியை ஊற்றினால் என்ன ஆகும், கோப்பை நிறையும், சாயம் இருக்காது, ரத்தமும் அப்படித்தான் என்றேன். அளவாகச் சேலைன் ஏற்றலாம், அது வழியில் தாக்குப்பிடிக்க, ஆளைக் காப்பாற்றுவது காயத்தை அமுக்குவதும் நேரத்துக்கு ரத்தம் ஏற்றுவதும்தான் என்று முழங்கினேன். எனக்கே பிடித்திருந்தது.

சுவரோரமாக அந்தோணி நின்றிருந்தான். கொழுந்து லொறி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், அதிர்ந்து பேசாதவன். "ரத்தம் எங்க இருக்கு தலைவரே?" என்று கேட்டான். பதுளை பெரியாஸ்பத்திரியில் என்றேன். "அங்க கொண்டுபோற வண்டி?" என்றான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "என்னையப் பாக்காதீங்க, எனக்கு மூணு புள்ளைங்க."

கல்யாணம் வரைக்கும்

அடுத்த நாளே துரையின் அலுவலகத்துக்குப் போனேன். இப்போதிருக்கிற துரை இளைஞர், மரியாதை தெரிந்தவர், நாற்காலி போட்டார். அந்தக் கந்தோரில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும், நின்றுகொண்டே பேசினேன். எங்கள் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும் நல்ல வேலை என்றும் சொன்னார். அப்படியென்றால் அந்த ஒரு வரியைக் கொடுங்கள் என்றேன்.

அவர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. மூட்டையில் அடைத்த கொழுந்து நேரம் போனால் சூடேறிச் சிவந்துவிடும், தேயிலைக்கு உதவாது. முன்னொரு காலத்தில் டிரைவர்கள் வழியெல்லாம் ஆள் ஏற்றி, கொழுந்தைக் கெடுத்ததும் உண்மை. அதையெல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து என் தோளில் கை வைத்து, நல்ல தமிழில்தான் சொன்னார்: "தலைவர், இன்னைக்கு ரத்தம்னு நிப்பாட்டுவாங்க, நாளைக்குக் காய்ச்சல், நாளன்னைக்குக் கல்யாணம். லொறி கொழுந்துக்கு மட்டும்தான்."

விரல்கள்

மழைக்காலம் தொடங்குகிற நேரம், ஒரு முற்பகல். முருகையாவின் கவ்வாத்துக் கத்தி வழுக்கித் தொடையில் இறங்கிவிட்டது. அந்தக் கத்தி எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சரோஜா ஓடிவந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மடித்துக் காயத்தில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி முழு எடையையும் போட்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல புள்ள, எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்" என்றாராம் முருகையா. ரத்தம் போகிறவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நன்றாகத்தான் இருப்பார்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே எண்கள் விழும். அதை அவள் சுவரில் பார்த்திருக்கிறாள். "கெடங்க மாமா, பேசாமக் கெடங்க" என்றாளாம்.

அந்த மலையில் தொலைபேசிக்கு சிக்னல் இல்லை. கந்தோருக்கு ஆள் ஓடியது. அதற்குள் வளைவில் கொழுந்து லொறி வந்தது. பெண்கள் கை காட்டினார்கள். லொறி வேகம் குறைந்தது. அந்தோணி அவர்களைப் பார்த்தான். நின்றான். இறங்கினான். ஒரு வார்த்தை பேசாமல் மூட்டைகளை இழுத்துப் பாதையோரம் போட்டான். முருகையாவை மழைக்குப் போர்த்துகிற கம்பளியில் சுற்றி லொறியில் தூக்கிப் படுக்கவைத்தார்கள். சரோஜா கையை எடுக்காமலே அவர்கூட ஏறினாள்.

லுணுகலை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள். ஆள் பிழைத்துவிட்டார். இன்று கைத்தடியோடு நடக்கிறார். நான் சொல்ல வந்தது லுணுகலை ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. போதும், இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கையை எடு என்று தாதி சொன்னபோது சரோஜாவின் விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. அவள் தாதியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாளாம்: "எடுக்க வர மாட்டேங்குது மிஸ், நீங்களே எடுத்துவிடுங்க."

நின்ற லொறி

அன்று மாலையே அந்தோணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழியில் லொறியை நிறுத்தியது, கொழுந்தைக் கெடுத்தது, உத்தரவில்லாமல் லுணுகலைக்கு ஓட்டியது என்று குற்றங்கள். மூன்றும் உண்மை. முன்னைய காலமாக இருந்தால் நான் பழைய பாணியில் கொடி பிடிக்கச் சிவப்புத் துணியைத் தேடியிருப்பேன். பெண்கள் எனக்கு வேலை வைக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்கள், வழக்கம்போல் பறித்தார்கள், மடுவத்தில் கொண்டுவந்து எடை போட்டார்கள். அதோடு சரி. ஒரு மூட்டையையும் யாரும் லொறியில் ஏற்றவில்லை, ஆண்களையும் ஏற்றவிடவில்லை. புது டிரைவர் ஹோர்ன் அடித்துப் பார்த்தான். கணக்கப்பிள்ளை ஓடிவந்து, கொழுந்து சூடேறுது, என்ன இது என்று சத்தம் போட்டார். சரோஜா மூட்டையின் மேல் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "லொறி எங்கயும் நிக்கக் கூடாதுன்னீங்க, இப்ப எவ்வளவு நேரமா நிக்குது பாருங்க ஐயா."

சாட்சி

அதனால்தான் விசாரணை சீக்கிரம் வந்தது. அந்தோணிக்காகப் பேச நான் போனேன். கையில் பிரசுரம் இல்லை, கோஷம் இல்லை. டாக்டரம்மா லீவு போட்டுவிட்டுக் கணினியோடு வந்திருந்தார். இதெல்லாம் எதற்கு என்றார் தொழிற்சாலைக்குப் பொறுப்பான ஐயா. எங்கள் சாட்சி இவர்தான் என்று கணினியைத் திறந்து துரைக்கு முன்னால் வைத்தேன். முருகையாவின் எடை, முருகையாவின் காயம். அமுக்கு, லொறி, ஆஸ்பத்திரி என்று நடந்ததை நடந்தபடி ஓடவிட்டோம். ஆள் பிழைத்தார். "சரி சேர், இப்ப சட்டப்படி நீங்களே செய்ங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

கந்தோருக்கு ஆள் ஓடிவர எவ்வளவு நேரம், உத்தரவு கொடுக்க எவ்வளவு நேரம், வேறு வண்டி மலைக்கு ஏற எவ்வளவு நேரம் என்று துரையே கணக்குச் சொன்னார். குறைத்துத்தான் சொன்னார், நான் மறுக்கவில்லை. ஆள் செத்தார். மறுபடி ஓடவிட்டார், இந்த முறை காயத்தை இன்னும் பலமாக அமுக்கினார். செத்தார். வழியிலேயே சேலைன் ஏற்றிப் பார்த்தார், கொஞ்சமாக, பிறகு நிறைய. செத்தார். தொழிற்சாலை ஐயா தேத்தண்ணி வந்திருக்கிறது என்றார், துரை காதில் விழவில்லை. சட்டையின் கைப் பட்டனைக் கழற்றி மடித்துவிட்டுக்கொண்டு நாலாவது முறை ஓடவிட்டார். எல்லாம் சரியாகச் செய்தார். டாக்டரம்மாவே தலையாட்டினார். வண்டி மட்டும் உத்தரவுக்குக் காத்திருந்தது. எண்கள் ஒவ்வொன்றாகப் பூச்சியத்துக்கு வந்தன. பக்கத்துக் கட்டடத்தில் இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. என் மச்சானைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்ல வேண்டியது திரையில் இருந்தது.

துரை கணினியை மெதுவாக மூடினார். ரத்தம் போகிற ஆளைக் கண்டால் லொறி நிற்க வேண்டும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை, எல்லாப் பிரிவுக்கும் இன்றைக்கே அறிவியுங்கள் என்று தொழிற்சாலை ஐயாவிடம் சொன்னார். அந்தோணிக்கு நாளையிலிருந்து வேலை. ஆனால் கெட்டுப்போன கொழுந்துக்கு ஒரு எச்சரிக்கை அவன் பேரில் இருக்கும், அன்றைக்கு இருந்த சட்டம் சட்டம்தானே என்றார். நான் மேசையைத் தட்டி எழுந்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றியவனுக்கு எச்சரிக்கையா, அதை எடுக்காமல் நான் இந்த அறையை விட்டு நகர மாட்டேன் என்றேன். அந்தோணி என் கையைப் பிடித்தான். அன்றைக்குத்தான் அவன் என் கண்ணைப் பார்த்துப் பேசினான்: "அது எம்பேர்ல இருந்துட்டுப் போகட்டும் தலைவரே, இனிமே நிப்பாட்டுற எவனுக்கும் அது வராதில்ல?"

உயிரோடு இருக்கிற நாங்கள் ஒரு ஆயுள் முழுக்கக் கத்தியும் வாங்க முடியாத ஒரு வரியை, பிறக்கவே பிறக்காத ஒருவர் துரை கையால் நாலு தடவை செத்து வாங்கிக் கொடுத்துவிட்டார், அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம்.